இரண்டு பென்னி முதலில்

டொலீடோவில் பிப்ரவரி.
கதவு திறக்கும்போதெல்லாம் ஏரிக்காற்று உள்ளே வந்து
டெபாசிட் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.
நான் மூன்றாவது கவுன்ட்டர்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டொரோட்டா பாவ்லக்,
பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.
கையுறையைக் கழற்றாமலே
நான்கு ரசீதுகளைப் பரப்பினாள்.

காலை ஆறு பத்து: காபி, இரண்டு டாலர் பதினைந்து.
ஒன்பது மணி: இருமல் மருந்து.
இரண்டு மணி: காருக்குப் பெட்ரோல், இருபது டாலர்.
நாலரை: ரொட்டி, பால், முட்டை.
எல்லாம் முடிந்தபின், இருட்டியபின்,
வீட்டுக்காரர் போட்ட வாடகைக் காசோலை.
நானூற்றுப் பத்து.

கணக்கில் இருந்தது
நானூற்றுப் பன்னிரண்டும் அறுபது சென்ட்டும்.

"காசோலை இடித்தது. ஒத்துக்கொள்கிறேன்.
சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி
வெள்ளிக்கிழமை தேதி போட்டேன்.
அதற்கு ஒரு முப்பத்தைந்து டாலர். கட்டுகிறேன்.
நான்கு முப்பத்தைந்து எங்கிருந்து முளைத்தது?"

எங்கிருந்து என்று எனக்குத் தெரியும்.
நள்ளிரவில் ஓர் இயந்திரம்
அவளுடைய பகலைக் கலைத்துப் போட்டு
மறுபடி அடுக்குகிறது.
பெரியது முன்னால்.
வாடகை முதலில் போய் உட்கார்ந்துகொண்டது.
மிஞ்சியது இரண்டு டாலர் அறுபது.
பிறகு பெட்ரோல் வந்து பள்ளத்தில் விழுந்தது,
ரொட்டி விழுந்தது, மருந்து விழுந்தது,
விடியுமுன் குடித்த காபி
எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்து விழுந்தது.

கவுன்ட்டருக்கு அடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது,
நாங்கள் சொல்ல வேண்டிய வரிகள்.
"உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது."
அந்த வாரம் பதினோராவது முறையாகப் படித்தேன்.

மேலாளர் க்ரெய்டன் வந்தார்.
"பெரிய தொகைதானே மேடம் உங்களுக்கு முக்கியம்?
வாடகை திரும்பிப் போய்விடக் கூடாதே என்று
உங்கள் நன்மைக்காகத்தான்..."

அவள் குரல் உயரவில்லை.
"என் வண்டியில் நாற்பத்தோரு பிள்ளைகள்.
முதல் நிறுத்தத்தில் நிற்பவள் ஆறு வயது,
தன் புத்தகப்பையை விடக் கொஞ்சம்தான் பெரியவள்.
கடைசி நிறுத்தத்தில் ஒருவன்,
கால்பந்து ஆடுகிறவன், கதவளவு இருப்பான்.
பெரியவன் முதலில் என்று
அவளைப் பனியில் நிற்கவைத்துவிட்டு
நான் நேரே அவனிடம் போகவா?
போனால், அவளிடமே அபராதமும் கேட்கவா?"

க்ரெய்டனுக்கு ஒரு தொலைபேசி வந்தது.
வந்ததா, வரவழைத்தாரா, தெரியாது.

என் திரையில் ஒரு பொத்தான் உண்டு.
ஓர் ஆளுக்கு, ஓராண்டுக்கு, ஒரு தள்ளுபடி.
எதை நீக்கட்டும் என்றேன்,
நான்கும் ஒரே தொகைதான் என்று தெரிந்தும்.

"காபியை.
முப்பத்தேழு டாலர் காபிக்கு ஏற்ற நாக்கு
எனக்கு இல்லை."

மீதி எழுபதுக்கு அவள் கடிதம் எழுதினாள்.
காலைச் சுற்றுக்கும் மாலைச் சுற்றுக்கும் நடுவில்,
காலி வண்டியில், ஸ்டியரிங்கில் அட்டையை வைத்து, பென்சிலால்.
வரிக்கு வரி மணி, நிமிடம், தொகை.
நூலகத்தில் நகல் எடுத்து என்னிடம் நீட்டினாள்,
'பெற்றுக்கொண்டேன்' முத்திரை வேண்டும் என்று.
அடித்தேன். கொஞ்சம் பலமாகவே அடித்தேன்.

மார்ச் கடைசியில் பதில் வந்தது.
'நல்லெண்ண அடிப்படையில்' எழுபது டாலர்.
தவறு என்ற சொல்லைத் தவிர
எல்லாச் சொல்லும் அதில் இருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை, சம்பள நாள் கூட்டத்தில்,
கணக்கை மூட வந்தாள்.
இருநூற்றுப் பதினெட்டு டாலர், நாற்பத்தேழு சென்ட்.
வழக்கம்போல் நான் நூறு டாலர் நோட்டுகளை எடுத்தேன்.

"இல்லை," என்றாள். "சின்னதிலிருந்து."

இரண்டு பென்னி வைத்தேன்.
இரண்டு டைம். ஒரு குவார்ட்டர்.
மூன்று ஒற்றை டாலர். ஓர் ஐந்து. ஒரு பத்து.
அவள் ஒவ்வொன்றாய் விரலால் இழுத்து
தன் பக்கம் சேர்த்துக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால் ஒன்பது பேர்.
யாரும் இருமக்கூட இல்லை.